காற்றாடிக் குமிழை எழுதிச் செய்தல்: ஓப்பன்எஸ்கேட் வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் லயங்களிலும் (வரிசை வீடுகளிலும்) நிற்கும் பழைய காற்றாடிகளில், அதாவது மின்விசிறிகளில், மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைத் திருப்பும் குமிழ் வெடித்துவிடுவது வழக்கம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பொதுக் குமிழ்கள், குமிழைச் செருகும் எல்லாத் தண்டுகளுக்கும் பொருந்துவதில்லை. அளவெடுத்து முப்பரிமாண (3டி) அச்சு இயந்திரத்தில் குமிழை நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். அளவுகளை எழுதி வடிவத்தைப் பெறும் ஓப்பன்எஸ்கேட் மென்பொருள் இத்தகைய வேலைக்கென்றே அமைந்தது போன்றது. ஒருமுறை எழுதிய நிரலில் சில எண்களை மாற்றினால் பக்கத்து வீட்டுக் காற்றாடிக்கும் குமிழ் கிடைத்துவிடும்.

2010ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இம்மென்பொருள் இலவசமானது. இதில் சுட்டியால் எதையும் இழுத்து வரைவதில்லை. இடப்பக்கம் கட்டளைகளை எழுதி எஃப்5 விசையை அழுத்தினால் வலப்பக்கம் உருவம் தோன்றும். எண்களுக்கு அலகு கிடையாது என்றாலும், அச்சிடும் மென்பொருள்கள் அவற்றை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்கின்றன. கட்டளைகளையும் அளவுகளுக்கு நாம் இடும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம்.

முதலில் காற்றாடியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டை டிஜிட்டல் காலிப்பர் என்னும் அளவுக் கருவியால் அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்ட தண்டுக்கு மூன்று அளவுகள் தேவை: விட்டம், தட்டை முகத்திலிருந்து எதிர்ப்பக்க வளைவு வரையிலான கனம், குமிழுக்குள் நுழையும் நீளம். 6 மி.மீ. விட்டமும் 4.5 மி.மீ. கனமும் பரவலாகக் காணப்படும் அளவுகள்; ஆயினும் அளக்காமல் நம்ப வேண்டாம். பல் வெட்டிய தண்டாக இருந்தால் இம்முறை பயன்படாது.

இந்த அளவுகளை நிரலின் தலைப்பில் பெயரிட்டு எழுதிவிட்டு, அதன் பிறகு எங்கும் வெறும் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். தட்டை முகம் தண்டின் மையத்திலிருந்து 1.5 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று எழுதுவதைவிட, கனத்திலிருந்து விட்டத்தின் பாதியைக் கழித்தால் வருவது என்று எழுதுவதே சரி. அப்போதுதான் வேறொரு தண்டின் அளவை இட்டதும் துளையும் தானாக மாறும். துளையின் வடிவத்தை, ஒரு சிலிண்டரும் ஒரு கனச்செவ்வகமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியை மட்டும் விட்டுவைக்கும் இன்டர்செக்ஷன் கட்டளையால் பெற்று, அதை மாட்யூல் என்னும் தனிக் கூறாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் டிஃபரன்ஸ் கட்டளைக்குள் முதலில் குமிழின் உடலையும் அடுத்து இத்துளையையும் எழுதினால், முதலாவதிலிருந்து இரண்டாவது கழிக்கப்படும். துளை திறக்கும் முகத்தில் அதை 0.1 மி.மீ. வெளியே நீட்டிவிடுங்கள், இரு பரப்புகளும் சரியாக ஒரே இடத்தில் நின்றால் எஃப்5 காட்சியில் அந்த முகம் மினுமினுத்துக் குழப்பும்.

புதியவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது வட்டம்தான். இம்மென்பொருளில் உண்மையான வட்டம் இல்லை, பலகோணமே உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 6 மி.மீ. விட்டத்தை அது பத்துப் பக்கப் பலகோணமாக வரையும்; அதன் முனைகள் வட்டத்தைத் தொட, எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.7 மி.மீ. மட்டுமே இருக்கும். அச்சு இயந்திரத்தைக் குறை கூறுமுன் பக்கங்களின் எண்ணிக்கையை 64 என்று குறிப்பிட்டுப் பாருங்கள். இழப்பு நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும்.

எஞ்சியது, துளைக்கும் தண்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. உருகிய பிளாஸ்டிக் சற்றே பரவி அமர்வதால் துளை எப்போதும் வரைந்ததைவிட இறுக்கமாகவே வரும். எவ்வளவு இறுக்கம் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும் என்பதால், முழுக் குமிழையும் அச்சிடும் முன், 3 மி.மீ. உயரமுள்ள ஒரு பட்டையில் 0.1 முதல் 0.5 வரை இடைவெளி கூடிக்கொண்டே போகும் ஐந்து துளைகளை, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் கட்டளையால் வரிசையாக இட்டு அச்சிடுங்கள். விட்டம், கனம் இரண்டிலும் ஒரே இடைவெளியைக் கூட்ட வேண்டும். எந்தத் துளை தண்டில் விரலழுத்தத்தோடு ஏறி ஆடாமல் நிற்கிறதோ, அந்த எண்ணே உங்கள் எண். ஈப்போவிலுள்ள ஒரு கடையில் கொடுத்து அச்சிட்டாலும் இந்தப் பட்டையை முதலில் கேட்டு வாங்குவதே சிக்கனம்.

விரல் வழுக்காமலிருக்க உடலைச் சுற்றிப் பள்ளங்கள் இடலாம். அவற்றின் எண்ணிக்கையால் 360 பாகையை வகுத்துச் சுழற்றினால் போதும். எஃப்6 அழுத்தி முழு வடிவத்தைக் கணித்த பின், எஃப்7 அழுத்தி எஸ்டிஎல் என்னும் முப்பரிமாண வடிவக் கோப்பாகச் சேமித்து, அதை அச்சுக்கான அடுக்குகளாகப் பிரிக்கும் கியூரா போன்ற மென்பொருளில் திறவுங்கள். துளை மேல்நோக்கி இருக்குமாறு குமிழைக் கவிழ்த்து வைக்க வேண்டும். துளை அச்சு மேடையைத் தொட்டால் முதல் அடுக்கு நசுங்கி அதன் வாயைக் குறுக்கிவிடும். 0.2 மி.மீ. அடுக்கும் நான்கு சுற்றுச் சுவரும் இவ்வேலைக்குப் போதுமானவை. திருப்பும் விசை தண்டைச் சுற்றியுள்ள சுவரில்தான் விழுகிறது என்பதால், அங்கே 2 மி.மீ.க்குக் குறையாத தடிப்பை நிரலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டுக்குள் நிற்கும் காற்றாடிக்கு, இயந்திரம் உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் இழைகளில் பிஎல்ஏ வகை தாங்கும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அது இளகத் தொடங்குவதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கும் பொருளுக்குப் பிஇடிஜி இழையைத் தேர்ந்தெடுங்கள்; கேஸ் அடுப்பின் குமிழை மட்டும் இரண்டிலும் செய்ய வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் இழைச்சுருள் நீரை உறிஞ்சி, அச்சிடும்போது பொரிந்து நூல் நூலாக இழுக்கும். வேலை முடிந்ததும் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.