லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர் திடீரென மாறிப்போகிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பிராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் அமைப்பு) ஓடும் ஒரு சர்வரில், பிசிஐ வழியாக இணையும் என்விஎம்இ டிஸ்க் ஒன்றைப் புதிதாகச் செருகி ஆன் செய்கிறீர்கள். டிஸ்க் வேலை செய்கிறது, ஆனால் நெட்வொர்க் போய்விட்டது. கேபிளை மாற்றி, சுவிட்சை ரீஸ்டார்ட் செய்து, கடைசியில் மானிட்டரை மாட்டி "ஐபி லிங்க்" அடித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்: நேற்று வரை இஎன்பி3எஸ்0 ஆக இருந்த கார்டு இன்று இஎன்பி4எஸ்0. பிரிட்ஜ் (விர்ச்சுவல் மெஷின்களை அந்தக் கார்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) கான்ஃபிக் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயரில் இருக்கும் 3 என்பது பிசிஐ (மதர்போர்டில் கார்டுகள் இணையும் வழி) பஸ் எண். அது கார்டில் பொறித்திருக்கும் எண் இல்லை, பூட் ஆகும்போது ஒவ்வொரு சாதனமாக எண்ணிக்கொண்டு போகையில் கிடைப்பது. நடுவில் ஒன்று புதிதாக வந்தால் அடுத்தவை தள்ளிப்போகும். லினக்ஸைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பில், 2013இல், இந்தப் பெயரிடும் முறை வந்தது. வன்பொருள் மாறாதவரை ஒவ்வொரு பூட்டிலும் அதே பெயர் வரும் என்பதுதான் இதில் கிடைக்கும் உறுதி. அதற்கு மேல் எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு.

பெயர் மாறிய கோபத்தில் பலர் செய்வது, கர்னல் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் வரி) நெட்.இஃப்நேம்ஸ்=0 போட்டுப் பழைய ஈத்0க்குத் திரும்புவது. ஒரே ஒரு கார்டு உள்ள கணினியில் இது சரி, பெரிதாக ஒன்றும் கெடாது. இரண்டு கார்டு இருந்தால் தயவுசெய்து வேண்டாம். எந்த டிரைவர் முதலில் தயாராகிறதோ அதற்கு ஈத்0, அடுத்ததற்கு ஈத்1 என்றுதான் கர்னல் கொடுக்கும், அந்த வரிசை ஒவ்வொரு பூட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபயர்வால் பெட்டியில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இணையம் வராமல் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, உள்ளே மட்டும் திறந்திருக்க வேண்டிய போர்ட் வெளியே திறந்துகொள்வதுதான் ஆபத்து.

சரி, நாமே பெயர் வைத்துவிடலாம், அதுதான் நல்ல வழி. ஈடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் என்ற டைரக்டரியில் 10-லேன்0.லிங்க் என்று ஒரு கோப்பு. அதில் மேட்ச் பகுதியில் பெர்மனன்ட்மேக்அட்ரஸ்= என்று கார்டின் மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள வன்பொருள் முகவரி), லிங்க் பகுதியில் நேம்=லேன்0, அவ்வளவுதான். ஆனால் இந்த நாலு வரிக்குள்ளேயே வழுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது.

முதலாவது, ஈத்0 என்றே பெயர் வைப்பது. கர்னலும் அதே பெயர்களைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதனால் உங்கள் கோப்பு ஒரு கார்டுக்கு ஈத்0 என்று வைக்கப் போகும் நேரத்தில் இன்னொரு கார்டு அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கலாம். லேன்0, வேன்0, உள்0 மாதிரி கர்னல் தொடாத பெயராக வையுங்கள் (கோப்பில் எழுதும்போது ஆங்கில எழுத்தில்தான்).

அப்புறம், பழைய கட்டுரைகளைப் பார்த்து மேக்அட்ரஸ்= என்று மட்டும் போடுவது. பிரிட்ஜும் விலேனும் (ஒரே கார்டின் மேல் பிரித்து அமைக்கும் தனி நெட்வொர்க்) பெரும்பாலும் அடியில் இருக்கும் கார்டின் முகவரியையே எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த வரி அவற்றுக்கும் பொருந்தி, அவற்றுக்கும் லேன்0 என்றே பெயர் வைக்கப் பார்க்கும். பெர்மனன்ட்மேக்அட்ரஸ் போட்டால் கார்டோடு வந்த நிரந்தர முகவரி மட்டுமே ஒப்பிடப்படும். முகவரி வேண்டாம், பாத்= போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பாதையிலும் அதே பஸ் எண்தான் இருக்கிறது, டிஸ்க் செருகினால் அதுவும் நகரும்.

கோப்புப் பெயரின் முன்னால் வரும் எண்ணையும் சும்மா விட முடியாது. பொருந்தும் முதல் கோப்பு மட்டும்தான் செல்லும். சிஸ்டம்டியோடு வரும் 99-டிஃபால்ட்.லிங்க் எல்லாக் கார்டுக்கும் பொருந்தும், எனவே உங்களுடையது அகரவரிசையில் அதற்கு முன்னால் வர வேண்டும். முன்னால் எண்ணே போடாமல் வெறும் எழுத்தில் தொடங்கினால் அது பின்னால் போய், யாரும் படிக்காமலே கிடக்கும்.

பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது. யுஎஸ்பி கார்டுகளுக்குப் பல இடங்களில் தானாக வரும் பெயர் இஎன்எக்ஸ் என்ற மூன்று எழுத்தும் முகவரியின் 12 எழுத்தும் சேர்ந்தது, சரியாக 15. அதன்மேல் .100 என்று விலேன் பெயர் வைக்கப் போனால் இடமே இருக்காது. விலேன் போடப் போகிறீர்கள் என்றால் யுஎஸ்பி கார்டுக்கு முதலிலேயே சின்னப் பெயர் வைத்துவிடுங்கள்.

கோப்பை எழுதியதும் நேராக ரீபூட் செய்வது அடுத்த தவறு. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ், இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்னக் கோப்பு அமைப்பு) ஓட ஆரம்பித்துவிடுகிறது, அதற்குள் இருப்பது கோப்புகளின் பழைய நகல். டெபியன், உபுன்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஃபெடோராவில் டிராகட் -எஃப் ஓட்டிவிடுங்கள். அதற்கும் முன்னால் யூடெவ்ஏடிஎம் கட்டளையில் டெஸ்ட்-பில்டின் நெட்_செட்டப்_லிங்க் கொடுத்து அந்தக் கார்டைக் காட்டினால், எந்த லிங்க் கோப்பு பிடிபடுகிறது, என்ன பெயர் வரப்போகிறது என்று அங்கேயே சொல்லிவிடும். இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை.

விர்ச்சுவல் மெஷினை குளோன் செய்பவர்கள் கவனிக்க: குளோனுக்குப் புது மேக் முகவரி வரும், உள்ளே இருக்கும் லிங்க் கோப்பில் பழையது இருக்கும், அதனால் கோப்பு பொருந்தாது. டெம்ப்ளேட்டில் இருந்து அந்தக் கோப்பை எடுத்துவிட்டே குளோன் செய்யுங்கள்.

பெயர் வைத்தாகிவிட்டது என்றால் ஈடிசி முழுக்கப் பழைய பெயரை கிரெப் போட்டுத் தேடுங்கள். பிரிட்ஜ், டிஎச்சிபி சர்வர், ஃபயர்வால் என்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் ஐஐஎஃப் என்று எழுதிய விதி, லோட் ஆகும்போது அந்த இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் முழுக் கோப்பையும் ஏற்றவிடாமல் பிழை காட்டும். ஐஐஎஃப்நேம் என்று எழுதினால் அது வெறும் பெயரைத்தான் ஒப்பிடும், கார்டு தாமதமாக வந்தாலும் சிக்கல் இல்லை. இதெல்லாம் தொலைவில் உள்ள சர்வரில் என்றால், ரீபூட் அடிப்பதற்கு முன்னால் கன்சோல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.