கிளப்பில் தற்காப்பு வகுப்பா? முதலில் மேடையைக் கழற்றுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் போர்டுகளை எண்ணியே பொழுது போய்விடும். ஓணத்துக்கு வடம்வலி (கயிறு இழுக்கும் போட்டி), பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி என்று இருந்த பட்டியலில் இப்போது ‘ஒருநாள் தற்காப்புக்கலைப் பயிலரங்கம்’ என்பதும் சேர்ந்துவிட்டது. நல்லதுதான். ஆசானுக்குக் கையாளாக நானும் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறேன். சொதப்பிய இடங்களில் பெரும்பாலும் கோளாறு ஆசானிடம் இல்லை. வகுப்பை ஒரு கலைநிகழ்ச்சி என்று நினைத்து கிளப்காரர்கள் ஏற்பாடு செய்ததில்தான் இருந்தது.

ஒரு கிளப்பில் நோட்டீஸில் காலை 9 மணி என்று போட்டிருந்தார்கள். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, பொன்னாடை ஏழு. பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்கள். மைக் ஆசான் கைக்கு வந்தபோது மணி 11:20. ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்றரை மணி நேரப் பாடத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்னால் எதை வெட்டுவது? பார்க்கச் சுவாரசியமில்லாததை வெட்டத்தான் மனசு வரும்: உடம்பைச் சூடேற்றுவது, விழுவதற்குப் பழகுவது. ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அவை இரண்டும்தான் முக்கியம். கீழே விழுகிறவன் அனிச்சையாகக் கையை ஊன்றுவான். உடம்பின் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, முன்கை முழுவதையும் தரையில் அறைந்து விழ அரைமணி நேரமாவது பழக வேண்டும். அந்த அரைமணி கிடைக்காவிட்டால், தூக்கிப் போடும் பிடிகளை அன்றைக்குச் சொல்லித் தரவே கூடாது. எங்கள் ஆசான் அன்று ஒரு பிடிகூடக் காட்டவில்லை. கமிட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்தது இடம். இதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. கேரளத்தின் வடக்கன் களரிப்பயிற்றைப் பழகும் குழிக்களத்துக்கு மரபான அளவு 42 அடிக்கு 21 அடி, அதாவது 882 சதுர அடி. கிளப் முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த ஷட்டில் கோர்ட் 44 அடிக்கு 20 அடி, 880 சதுர அடி. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் ஒரு களரியே உங்கள் வாசலில் கிடக்கிறது. பழகாத ஒரு ஜோடிக்கு எட்டடிக்கு எட்டடி வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 10 ஜோடி நிற்கும். 20 பேர். ‘நூற்றைம்பது பேர் வாறாங்க’ என்று பெருமையாகச் சொல்லும் செயலாளரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் நீட்டுவேன். கூட்டம் கூடுதல் என்றால் இரண்டு பிரிவாக வையுங்கள், அல்லது இரண்டு ஞாயிறு வையுங்கள். கல்யாண மண்டபம் வேண்டாம்: வழுவழு டைல்ஸ், அதன்மேல் விரித்த சிவப்புக் கார்பெட். கால் வைத்ததும் கார்பெட் தனியாகப் போகும். ஒன்றோடொன்று கோர்க்கும் ரப்பர் பாய் வாடகைக்குக் கிடைக்காவிட்டால் கொத்திவிட்ட மண்தரையே மேல். திறந்தவெளி என்றால் ஜூன், ஜூலையும் அக்டோபர், நவம்பரும் வேண்டாம். இரண்டு மழையும் நனைக்கிற மாவட்டம் இது.

எந்தக் கலை என்பதில் ஒரு குழப்பம். களரி என்றதும் வாய்பிளக்க வைக்கும் உறுமி (சுருள்வாள்) வீச்சுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. கேரளத்து வடகரையின் களரி ஆசான் மீனாட்சியம்மா 2017-இல் பத்மஸ்ரீ வாங்கிய பிறகு இந்த மோகம் கூடியிருக்கிறது. அந்த அம்மாவின் கலை பெரியது, அதில் கேள்வியில்லை. ஆனால் வடக்கன் முறையில் மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்தாரி (கம்பு), அங்கத்தாரி (உலோக ஆயுதம்) எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் வெறுங்கை வரும். வருடக் கணக்கில் ஆகும். நம் பக்கத்துத் தெக்கன் முறையிலும் அடிமுறையிலும் வெறுங்கைதான் ஆரம்பம்: சுவடு (கால்வைப்பு), பிடி, பூட்டு, பிறகுதான் கம்பு. வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவருக்கு ஒருநாளில் ஏதாவது கொடுக்க வேண்டுமானால் எதைக் கேட்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உறுமியைக் கோயில் திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம்.

பிளெக்ஸில் ‘வர்மக்கலை’ என்று போடுவது இன்னொரு ஆசை. அதைப் படித்துவிட்டு வந்த ஏதாவது ஒரு பையன், ‘ஆசானே, ஒரு வர்மம் காட்டுங்க’ என்று கழுத்தை நீட்டுவான். தொடுவர்மம் 96, படுவர்மம் 12, ஆக 108 என்று கணக்குச் சொல்லும் மரபு, அதே மூச்சில் அடங்கலையும் இளக்குமுறையையும், அதாவது அடிபட்டு மயங்கியவனை எழுப்பித் தேற்றும் வழிகளையும் சொல்கிறது. எழுப்பத் தெரியாதவனுக்கு அடிக்கக் கற்றுத் தருவதில்லை. ஒருநாள் வகுப்பில் கழுத்தில் தட்டி மயங்க வைத்துக் காட்டுகிறவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் அவரைக் கூப்பிடாதீர்கள்.

இப்போது என் கண் முன்னால் நடந்த ஒன்று. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசான் வந்திருந்தார். வாய்த்தாரி, அதாவது வாயால் சொல்லும் கட்டளைகள், முழுக்க மலையாளம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையில்லை, பாதி வீடுகளில் இரண்டு மொழியும் ஓடும். ஆனால் அன்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாலைந்து ஹாஸ்டல் பையன்களும் வந்திருந்தார்கள். மணிக்கட்டுப் பூட்டுப் பழகும்போது ஒருவன் முறுக்கிக்கொண்டே போனான். ஆசான் ‘மதி, மதி!’ என்று கத்துகிறார். மலையாளத்தில் ‘போதும்’. அவனோ தன்னைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினான். எதிரில் நின்றவன் முட்டிபோட்டு உட்கார்ந்தபிறகுதான் விட்டான். ராத்திரிக்குள் மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

அதற்கப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் முதல் ஐந்து நிமிடம் இதற்குத்தான். நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்றே ஒன்று: ‘விடு’. இரண்டு மொழியிலும் ஒரே பொருள். வாய் திறக்க முடியாவிட்டால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டு. கழுத்து நெரிபடும்போது சுமார் பத்து வினாடியில் நினைவு தப்பக்கூடும், ஆகவே யோசிக்க நேரமில்லை. விசில் ஊதினால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். இதையெல்லாம் செய்து பார்க்க வைக்க வேண்டும், சொன்னால் போதாது.

கத்திக்கு எதிரான பிடிகள் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் கத்தியோடு வருகிறவன் ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டுச் சிலை மாதிரி நிற்பான்; சொல்லித் தருகிறவர் அழகாகக் கையைத் திருகிப் பிடுங்குவார்; கைதட்டல். எங்கள் ஆசான் வேறொன்று செய்வார். ஒரு சாண் குச்சியில் அடுப்புக்கரியைத் தடவிக் கொடுத்து, வெள்ளை பனியன் போட்ட ஒருவனை நிறுத்தி, ‘பத்து வினாடி, இஷ்டம்போல குத்து’ என்பார். முடிந்ததும் பனியனை எல்லோரும் பார்க்க வேண்டும். வயிறு, விலா, முன்கை எங்கும் கரிக்கோடு. பிறகு அவர் சொல்வது ஒன்றுதான்: கத்தியைப் பார்த்தால் ஓடு, ஓட முடியாவிட்டால் நாற்காலியோ பையோ எதையாவது நடுவில் வை. வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும்.

பெண்களுக்கான வகுப்பில் தவறுகள் வேறு வகை. பெண் பயிற்றுநர் யாரும் இல்லாமல் நடத்துவது. யார் யாரோடு ஜோடி என்று கேட்காமல் சேர்த்துவிடுவது. ரீல்ஸுக்கு வீடியோ எடுப்பது. சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வைப்பது. இவற்றைவிடப் பெரிய தவறு, இருட்டில் பாயும் முன்பின் தெரியாத ஒருவனை மட்டுமே மனதில் வைத்து எல்லாம் சொல்லித் தருவது. தொல்லை பெரும்பாலும் தெரிந்த ஆளிடமிருந்துதான் வருகிறது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு நடத்தி 2015-இல் முடிவு வெளியிட்ட ஒரு பயிற்சியில், தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, மறுத்துப் பேசும் தயக்கத்தை உடைப்பது, அப்புறம் உடலால் தடுப்பது என்று 12 மணி நேரம், மூன்று மணி நேரமாக நாலு பகுதி. ஒரு வருடத்துக்குள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்களின் விகிதம் பயிற்சி பெறாதவர்களிடம் 9.8 சதவீதம், பெற்றவர்களிடம் 5.2. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் ‘உங்கள் மகளை வீராங்கனையாக்குகிறோம்’ என்று பிளெக்ஸ் அடிப்பது பொய்யான தைரியத்தை விற்பதுதான்.

சட்டத்தையும் பத்து நிமிடம் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் அடிக்க உரிமையில்லை. ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக அஞ்சும்வரைதான் அது நீடிக்கும். விழுந்து கிடக்கிறவனை மிதித்துவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது. கூடவே 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை அங்கேயே போனில் பதிய வையுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். மோதிரம், தாலிச்செயின், காப்பு, நீட்டிய நகம் எதுவும் களத்தில் கூடாது. காலையில் பரோட்டாவும் பீஃபும் போட்டுவிட்டுக் குனிந்து நிமிரச் சொல்லாதீர்கள். ஏத்தம்பழமும் கட்டன்சாயாவும் போதும். ரத்த அழுத்தம், வலிப்பு, கர்ப்பம், முன்பு தோள் இறங்கியது உண்டா என்று பெயர் பதியும்போதே கேட்க வேண்டும்; ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்க அதிக வாய்ப்பு உண்டு. தலையில் அடி பட்டவர் ‘ஒண்ணும் இல்லண்ணே’ என்று சிரித்தாலும் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. துணியில் சுற்றிய ஐஸ், முதலுதவிப் பெட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக டிரைவரோடு ஒரு வண்டி. ஆசானுக்கு வெற்றிலையில் தட்சணை வைப்பது அழகுதான், போக்குவரத்துச் செலவையும் சேர்த்து வையுங்கள். நினைவுப் பரிசாகக் கொடுக்கும் கண்ணாடிக் கேடயங்கள் அவர் வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒரு சாக்கு இருக்கிறது.

சர்டிபிகேட் கொடுப்பதானால் ‘கலந்துகொண்டார்’ என்று மட்டும் எழுதுங்கள், ‘தேர்ச்சி பெற்றார்’ என்று வேண்டாம். அதோடு, வகுப்பு முடிவதற்குள் அடுத்த பயிற்சிக்கு நாளும் நேரமும் சொல்லிவிடுங்கள். பொன்னாடை ஏழு போட்ட கிளப் அதைச் செய்யவில்லை. ஆற்றுக்கரையில் இருக்கும் இன்னொரு சின்ன கிளப் செய்தது: ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு, ஷட்டில் கோர்ட், படித்த மூன்று பிடிகள் மட்டும். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். ஷட்டில் ஆட வருகிறவர்கள் ஏழு மணிவரை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.