ஒற்றைப் பீஸ் கடைக்கு வாட்ஸ்அப் குறிப்பு

பிறர் பொருளை வாங்கி வைத்து, விற்றதும் பங்கு கொடுக்கும் கடைகளில் எல்லாமே ஒற்றைப் பீஸ்தான். புது வரவைப் படம் போடும்போது பொருள் எண், விலை, அளவு மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஃபார்வர்டு ஆகும்போது கீழே எழுதியது கழன்றுபோகலாம்.

உடை என்றால் லேபிள் சைஸை நம்ப வேண்டாம், துவைத்துச் சுருங்கியிருக்கும். தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கறையோ பிரிந்த தையலோ இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துத் தனிப்படம். மறைத்து விற்றால் பொருள் திரும்பி வரும்; அதற்குள் கொடுத்தவருக்குப் பங்கு போயிருந்தால் நஷ்டம் கடைக்குத்தான்.

பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் எண்ணைப் போனில் சேமித்தவருக்கே செய்தி போகும் (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்). பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

"எடுத்து வைங்க" என்றால் 24 மணி நேரம், பிறகு அடுத்தவருக்கு.

பொருளைக் கடையில் வைத்திருக்க ஒப்புக்கொண்ட கெடு முடிய ஒரு வாரம் முன்பே, கொடுத்தவருக்கு எழுதுங்கள்: "எண் 214 இன்னும் போகலைங்க. விலையைக் குறைக்கலாமா, திரும்ப எடுத்துக்கிறீங்களா?"