பெய்டன் பிளேஸ்: பேசப் போகுமுன் இதையெல்லாம் செய்யாதீர்கள்

எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் ஓர் இளைஞர், ஒரு சிற்றூரின் ரகசியங்களைச் சொல்லும் ‘பெய்டன் பிளேஸ்’ நாவலைப் பற்றிப் பேசினார். அமெரிக்க எழுத்தாளர் கிரேஸ் மெட்டாலியஸ் எழுதியது. பத்து நிமிடத்தில் எனக்குக் காது சுட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் உளறியதையே, அதே வரிசையில் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திரப் பெயரை மாற்றிச் சொல்வதும் ஆண்டு பிசகுவதும் யாருக்கும் நேரும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

“நிஜத்தில் இது யார்?” என்று துப்புத் துலக்குவது

1956இல் நாவல் வெளிவந்தபோது மெட்டாலியஸ் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கில்மன்டன் என்ற சிற்றூரில் வசித்தார். ஊரார் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இது யார், அது யார் என்று கண்டுபிடிக்கத்தான். அவர்களுக்குத் தீனியும் கிடைத்தது. பள்ளித் தலைமை ஆசிரியர் பாத்திரத்துக்கு நிஜ மனிதர் ஒருவரின் பெயரே இருந்தது. அவர் வழக்குப் போட்டார். பிந்தைய பதிப்புகளில் அந்தப் பாத்திரம் மைக்கேல் ராஸி ஆகிவிட்டது. நாவலில் கொலை செய்யும் செலினா கிராஸ் என்ற ஏழைப் பெண்ணின் கதைக்கு அடியிலும் 1940களில் அங்கே நடந்த ஒரு கொலை இருக்கிறது. தன்னைச் சீரழித்துவந்த தந்தையை ஒரு பெண் கொன்றாள். பிணம் ஆட்டுக்கொட்டிலில் புதைக்கப்பட்டது.

இதையெல்லாம் மாதக்கணக்கில் தேடிச் சேர்த்து, பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக்கி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஓர் அஞ்சலட்டை, அதில் ஒரே வரி: “செலினா எங்கே?”

ஒரு வாரம் கோபத்தில் இருந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கத்தில் செலினா மூன்றே இடத்தில் வந்தாள், மூன்றிலும் யாரோ ஒருத்தியின் நகலாக.

இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று. நாவலில் செலினாவைச் சீரழித்து அவள் கையால் சாகும் லூகாஸ், அவளுக்கு மாற்றாந்தகப்பன். கைப்பிரதியில் பெற்ற தகப்பன்; பதிப்பகம்தான் மாற்றவைத்தது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பூரித்து அடிக்குறிப்பில் போட்டேனே தவிர, ஏன் மாற்றினார்கள் என்று யோசிக்கவில்லை. ஊரின் மூடியைத் திறந்ததாகத் திட்டு வாங்கிய புத்தகத்துக்கே ஒரு மூடி போட வேண்டியிருந்திருக்கிறது!

நாவல் முழுக்க நடப்பது இந்த மூடுவேலைதான். கான்ஸ்டன்ஸ் மெக்கென்ஸி திருமணமாகாமல் பெற்ற மகளின் வயதில் ஓராண்டைக் குறைத்துவைத்திருக்கிறாள். செலினாவின் கருவைக் கலைக்கும் டாக்டர் ஸ்வெயின், சட்டத்தை மீறியதை அவளுடைய கொலை வழக்கு வரும்வரை மனத்துக்குள் பூட்டிவைத்திருக்கிறார். செலினாவின் குடும்பம் போன்ற ஏழைகள் வாழும் கொட்டகைகளில் என்ன நடக்கிறது என்று ஊர் எட்டிப் பார்ப்பதில்லை. ‘வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்’ என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. நான் கில்மன்டனின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ‘இது அந்த ஊரின் கதை’ என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அதாவது, நம் ஊரின் கதை இல்லை என்று.

படத்தைப் பார்த்துவிட்டுப் பேச வருவது

1957இல் வந்த படத்தில் கருக்கலைப்பு கிடையாது. அது தானாகக் கலைந்த கருவாகிவிட்டது. டாக்டர் எடுத்த முடிவே இல்லாமல் போனபின் அவர் வெறும் நல்லவர்.

நடையைக் கேலி செய்வது

பருவகாலத்தைப் பெண்ணுக்கு ஒப்பிட்டுத்தான் நாவல் தொடங்குகிறது. ஒருமுறை சிரித்துக்கொள்ளுங்கள், போதும்.

மெட்டாலியஸின் குடிப்பழக்கத்தை இழுப்பது

39 வயதில் இறந்துபோனார். விடுங்கள்.

“இதெல்லாம் இப்போது சாதாரணம்” என்பது

எந்த ஊரில்?

கூட்டம் முடிந்ததும் அந்த இளைஞரை டீக்கடைக்கு அழைத்துப்போய் இவ்வளவையும் சொன்னேன். பைக்குள் பத்திரமாக வைத்திருந்த அஞ்சலட்டையையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “இதை எழுதியது யார் சார்?” என்றார்.