நெல்லுக்கு இன்சூரன்ஸ்: பர்மாவில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் நெல் போடும் நம்மவர்களிடம் பயிர்க் காப்பீடு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் ஏமாற்று வேலை". இல்லையென்றால், "தஞ்சாவூரில் மாமா வீட்டுக்குப் பணம் வந்ததே, நமக்கு மட்டும் ஏன் இல்லை?" எந்த நஷ்டத்துக்கு, யார் அளந்து, எதை வைத்துப் பணம் தருவார்கள் என்று கேட்பதற்கு முன்பே வேண்டும், வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

தஞ்சாவூர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். இந்தியாவில் 2016-ல் வந்த திட்டத்தில் நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதம், மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. 2020 வரை பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு அது கட்டாயமாகவும் இருந்தது. பர்மாவில் அப்படி நாடு முழுக்க மானியத்தோடு ஒரு திட்டம் கிடையாது, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மறுபடி தொழிலைத் தொடங்கியதே 2013-ல்தான். அதனால் வேளாண் வங்கியில் பருவக் கடன் வாங்கியிருக்கிறோம், காப்பீடும் கூடவே இருக்கும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பயிர் போனாலும் கடன் கடன்தான்.

அப்புறம், பெரிய தவறு இதுதான்: வயல் மூழ்கினால் பணம் வந்துவிடும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவது. காப்பீடு எல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றில் ஆள் வந்து உங்கள் வயலின் சேதத்தைப் பார்ப்பார், சிலவற்றில் ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார்ப்பார்கள். வானிலைக் குறியீட்டுக் காப்பீட்டிலோ உங்கள் வயலை யாருமே பார்க்கமாட்டார்கள், உதாரணமாக மழை அளவு ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கினால் பணம், இறங்காவிட்டால் இல்லை. 2014 கடைசியில் ஜப்பானின் சொம்போ நிறுவனம் மத்திய பர்மாவின் வறண்ட பகுதி நெல், எள் விவசாயிகளுக்கென்று அறிவித்தது இந்த வகைதான், செயற்கைக்கோள் கணித்த மழையளவை வைத்து வறட்சிக்கு மட்டும். மழை பொய்க்கும் மக்வே பக்கத்துக்கு அது பொருந்தும். கடலோரத்தில் இருப்பவனுக்கு அதனால் என்ன பயன்? 2008-ல் நர்கிஸ் புயலில் ஐராவதி வயல்களைக் கெடுத்தது கடல் உள்ளே ஏறி வந்த உப்புத்தண்ணீர். 2018 ஆகஸ்டில் பெகு மாகாணத்தில் ஸ்வார் அணையின் கலிங்கு உடைந்து கிராமங்கள் மூழ்கின, வறட்சிக்கான காப்பீடு வைத்திருந்தாலும் அந்த வெள்ளத்துக்கு ஒரு காசு வந்திருக்காது. ஆகவே உங்கள் வயலுக்கு எது எதிரி என்பதை முதலில் நீங்கள் எழுதி வைத்துக்கொண்டு, அது காப்பீட்டுப் பத்திரத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

காகிதத்தில் கை வைத்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடனுக்காகச் செட்டியார்கள் கைக்குப் போனது, அந்த நினைப்பு இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. ஆனால் காப்பீட்டுக்கு நிலத்தை அடகு வைக்கத் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் அது காப்பீடே இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று வருஷம் கட்டினோம், ஒன்றும் திரும்ப வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சீட்டுப் பணம் போல இதைப் பார்க்கக் கூடாது. அந்த மூன்று வருஷமும் நெல் வீட்டுக்கு வந்ததல்லவா?

பணம் கட்டச் சொல்லும் நேரமும் ஒரு சிக்கல். விதை, உரம், நடவுக்கூலி என்று கை காலியாக இருக்கும்போதுதான் பிரீமியம் கேட்பார்கள். கென்யாவில் கரும்பு விவசாயிகளிடம் முன்கூட்டியே கேட்டபோது 5 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள், அறுவடைப் பணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றதும் 72 சதவீதம் பேர். விவசாயிக்கு விருப்பமில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெல்லை மொத்தமாக வாங்கும் ஆலை வழியாக இப்படிச் செய்ய முடியுமா என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

பக்கத்து வயல்காரர் சேர்ந்தார் என்பதற்காகவும் சேர வேண்டாம். சீனாவில் நெல் விவசாயிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில், விளக்கக் கூட்டத்துக்குப் போய்வந்த நண்பர் திட்டத்தைப் புரியவைத்ததால்தான் மற்றவர்களும் சேர்ந்தார்கள், அவர் சேர்ந்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வரவில்லை. பர்மிய மொழிப் பத்திரத்தைச் சரளமாகப் படிக்கும் பிள்ளை ஒருவரைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், வந்து ஊராருக்கு அவர் தமிழில் சொல்லட்டும்.

கடைசியாகப் பெயர் விஷயம். 2012 விவசாய நிலச் சட்டப்படி நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான சான்று படிவம் 7. நம்மில் பலர் உழுவது வேறொருவர் பெயரில் உள்ள நிலம். பத்திரம் நிலக்காரர் பெயரில், பிரீமியம் உங்கள் கையிலிருந்து என்று ஆகிவிட்டால், பணம் வரும் நாளில் பேச உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. விதைப்பதற்கு முன்பே, பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் எழுதி, ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.