ரய்யான்: ஓர் அரபுப் பெயரின் பொருளையும் வேரையும் பரவலையும் சரிபார்க்கும் முறை

ஆண் பிள்ளைக்குச் சூட்ட நினைக்கும் அரபுப் பெயர் ஒன்றின் பொருளை இணையத்தில் தேடினால், பக்கத்துக்கு ஒரு விளக்கம் கிடைக்கும். ‘ரய்யான்’ என்பதற்குச் ‘சொர்க்கத்தின் வாசல்’ என்று ஓரிடத்திலும், ‘அழகன்’ என்று வேறோரிடத்திலும், ‘அரசன்’ என்று இன்னோரிடத்திலும் காணலாம். இம்மூன்றில் ஒன்றுகூட அந்தச் சொல்லின் பொருள் அன்று. பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. பிழையும் அப்படியே படியெடுக்கப்படும். ஆகவே பட்டியலை மூடி வைத்துவிட்டு வேர்ச்சொல்லிலிருந்து தொடங்குவதே நல்லது. அரபு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் இது ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியும் வேலை.

முதலில் பெயரின் அரபு எழுத்துகளை உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட வடிவத்தை மட்டும் நம்பினால் வேறு பெயர்கள் வந்து கலந்துவிடும். ரய்யான் என்பது ரே, யே, அலிஃப், நூன் ஆகிய நான்கு எழுத்துகளால் ஆனது. யே எழுத்து, இரட்டிப்பைக் காட்டும் ஷத்து என்னும் குறியுடன் இரட்டித்து ஒலிக்கும். அன்றாட அரபு அச்சில் ஷத்து பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதால், ஒலியைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நலம். ரைஹான் என்பது இதிலிருந்து வேறுபட்ட பெயர். அதன் நடுவே ஹே எழுத்து உண்டு, பொருளும் நறுமணச் செடி என்பதாகும். ஆங்கிலேயரிடையே வழங்கும் ரயன் என்பதோ அயர்லாந்துக் குடிப்பெயரிலிருந்து வந்தது. ஒலி நெருங்கியிருப்பதைத் தவிர அதற்கும் அரபுக்கும் உறவில்லை.

அடுத்த படி அகராதி. லிசானுல் அரப் போன்ற பழைய அகராதிகளும், ஹான்ஸ் வேர் தொகுத்த இக்கால அகராதியும், சொற்களை வேரெழுத்துகளின் கீழ் அடுக்குகின்றன. பெரும்பாலான அரபுச் சொற்களுக்கு வேர் மூன்று எழுத்து. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரய்யானில் கண்ணுக்குத் தெரியும் மெய்கள் ரே, யே, நூன் என்பதால் அந்த வேரைத் தேடினால், கறை படிதல், துரு மூடுதல் என்னும் பொருள்களே கிடைக்கும். குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் உள்ளங்களின் மீது கறை படிந்ததாகக் கூறுவது அந்த வேரிலிருந்து பிறந்த சொல்லால்தான். ஆசையோடு தேர்ந்த பெயருக்கு இப்படியொரு பொருளா என்று கலங்க வேண்டியதில்லை. தேடிய இடம்தான் தவறு.

ரய்யானின் உண்மையான வேர் ரே, வாவ், யே. ஈற்றிலுள்ள ‘ஆன்’ வேரைச் சேர்ந்ததன்று, ஒரு நிலை நிரம்பி இருப்பதைக் காட்டும் விகுதி. தாகித்தவனுக்கு அத்ஷான் என்றும், பசியாறியவனுக்கு ஷப்ஆன் என்றும் வழங்குவது இதே வாய்பாடு. ரஹ்மான் என்னும் சொல்லும் இவ்வாறு அமைந்ததே. பெண்பாலில் ரய்யா என்று நூன் நீங்கிவிடுவது, அது வேரெழுத்தன்று என்பதற்குப் போதிய சான்று. அப்படியானால் வாவ் எங்கே போயிற்று என்ற கேள்வி எழும். வாவும் யேவும் அடுத்தடுத்து நின்று, முன்னது உயிர்க்குறி இன்றி வந்தால், வாவ் யேவாக மாறி அதனோடு கலந்துவிடும் என்பது அரபு இலக்கண விதி. இதற்கு எடுத்துக்காட்டு நம் வீடுகளிலேயே இருக்கிறது. மௌத்து (இறப்பு) என்னும்போது கேட்கும் வாவ், மய்யித்து (இறந்தவர்) என்னும்போது மறைந்து யே இரட்டிக்கிறது. வேர் இரண்டுக்கும் ஒன்றே. ரவ்யான் என்று இருந்திருக்க வேண்டியது ரய்யான் ஆனதும் இவ்வாறே.

இனிப் பொருள். அந்த வேரின் வினைச்சொல் நீர் குடித்துத் தாகம் தீர்வதைக் குறிக்கும். எனவே ரய்யான் என்றால் தாகம் முற்றும் தணிய நீருண்டு நிறைந்தவன். அத்ஷானுக்கு நேர் எதிர்ச்சொல். மரஞ்செடிகளுக்குச் சொல்லும்போது நீர் குடித்துச் செழித்தது என்றும், உடலுக்குச் சொல்லும்போது வற்றலின்றித் திரண்டது என்றும் பொருள் விரியும். இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் இம்ரவுல் கைஸ் தம் முஅல்லகா என்னும் நெடும்பாடலில் சிலம்பணியும் இடம் திரண்ட பெண்ணை வருணிக்க இதன் பெண்பால் வடிவத்தையே ஆள்கிறார். பாலை நிலத்து மக்களின் மொழியில், குடித்து நிறைவதைக் காட்டும் சொல் வாழ்த்தாகவும் பெயராகவும் ஆனதில் வியப்பில்லை.

ஒரு பெயரின் பொருளில் ஐயம் நீங்காவிட்டால் அதே வேரின் பிற சொற்களைப் பார்ப்பது என் வழக்கம். உறவினர்களைப் பார்த்தால் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளலாம் அல்லவா. துல்ஹஜ் மாதம் 8ஆம் நாள் தர்வியா நாள் எனப்படும். ஹாஜிகள் முற்காலத்தில் அன்று நீர் நிரப்பிக்கொண்டு புறப்பட்டதால் வந்த பெயர் அது என்பர். நீர் சுமக்கும் ஒட்டகம் ராவியா எனப்பட்டது. பிறர் பாடலை மனத்தில் சுமந்து சொல்பவருக்கும் அதே சொல் வழங்கிற்று. ஹதீஸ் எனப்படும் நபிமொழியின் அறிவிப்பாளரை மதரஸாக்களில் ராவி என்று குறிப்பிடுவதும் இந்த வேரைச் சேர்ந்ததே. எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது. வாசலோ அரசனோ எங்கும் இல்லை.

அப்படியானால் சொர்க்க வாசல் எங்கிருந்து வந்தது? சொல்லின் பொருளையும் அச்சொல் புகழ்பெற்ற இடத்தையும் பிரித்தறிவது இங்கே தேவைப்படுகிறது. சுவனத்தில் ரய்யான் என்னும் வாசல் உண்டு என்றும், மறுமை நாளில் நோன்பாளிகள் மட்டுமே அதன் வழியே நுழைவர் என்றும், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்படும் என்றும் நபிமொழி ஒன்று சஹ்ல் இப்னு சஅத் வழியாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. தாகத்தைத் தாங்கியவர்களுக்குத் தாகம் தீர்ந்தவன் என்னும் பெயருடைய வாசல். பொருத்தம் அந்த அழகில்தான் இருக்கிறது, அதை ‘வாசல்’ என்று மொழிபெயர்த்தால் அந்த அழகே போய்விடும். ரமளானில் பிறந்த பிள்ளைக்கு இப்பெயரை விரும்புவோர் இருப்பதும் இதனால்தான். குர்ஆனில் ரய்யான் என்னும் சொல் இல்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ‘அரசன்’ என்ற விளக்கத்துக்கும் ஒரு தோற்றுவாய் ஊகிக்கலாம்: யூசுஃப் நபி காலத்து எகிப்திய மன்னனுக்கு ரய்யான் இப்னு வலீத் என்று தபரி போன்ற வரலாற்றாசிரியர்கள் பெயர் தருகிறார்கள்.

இடப்பெயராக இது இன்னும் பழையது. பழங்கவிஞர் லபீதின் முஅல்லகா தொடக்கத்திலேயே ரய்யானின் நீரோடும் வழிகளைச் சொல்கிறது. உமைய்யாக்கள் காலத்துக் கவிஞர் ஜரீர் ரய்யான் மலையை ஏங்கிப் பாடினார். கத்தாரில் வேலை பார்த்தவர்களுக்கு அல் ரய்யான் நகரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் நடந்த அஹ்மத் பின் அலி அரங்கம் அங்கேதான் உள்ளது.

பரவலை அறிவது பொருளை அறிவதைவிடக் கடினமானது. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் அரசு அமைப்புகள் ஆண்டுதோறும் பெயர்ப் பதிவு எண்ணிக்கையை வெளியிடுகின்றன. தனியார் தளங்களின் தரவரிசையைவிட அவற்றையே நம்பலாம். ஆனால் அங்கே ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் தனிப் பெயராகவே எண்ணப்படும். 2023இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் முஹம்மது என்னும் பெயர் ஓர் எழுத்துக்கூட்டலில் மட்டும் 4,661 பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டு முதலிடம் பெற்றது. வேறு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் அதே பட்டியலின் முதல் நூறு இடங்களுக்குள் தனித்தனியே நின்றன. ரய்யானுக்கும் ஒய் (y) எழுத்து ஒன்றாகவும் இரண்டாகவும் பிரெஞ்சு முறைப்படி ஈற்றில் ஈ (e) எழுத்து சேர்ந்தும் வடிவங்கள் உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும், அயர்லாந்துப் பெயரைச் சேர்த்துவிடக் கூடாது. லெபனானில் இப்பெயரைப் பெண்களுக்கும் வைப்பதுண்டு என்பதால் பெண்கள் பட்டியலிலும் ஒரு பார்வை தேவை. நம் ஊர்களில் பள்ளி வருகைப் பதிவேடுதான் எளிய அளவுகோல்: தாத்தாக்கள் காதர், முகைதீன், சாகுல் ஹமீது என்று இறைநேசர்களின் பெயரால் நிறைந்திருந்த இடத்தில் இன்று ரய்யான் போன்ற பெயர்கள் வந்து அமர்ந்திருக்கின்றன.

தேர்ந்து முடித்தபின் எழுதும் முறையில் கவனம் வேண்டும். முஹம்மது ரய்யான் என்று இணைப்பதில் குறையில்லை. அப்துர் ரய்யான் என்று இணைக்கக் கூடாது, ஏனெனில் அப்து என்பதன் பின் இறைவனின் திருநாமமே வர வேண்டும், ரய்யான் அவற்றுள் ஒன்றன்று. தமிழில் ரையான் என்பதைவிட ரய்யான் என்று எழுதினால் இரட்டிப்பு தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தில் ஒய் எழுத்தை இருமுறை இட்டால் ரயன் என்று படிப்பது குறையும். இந்தியாவில் பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சான்றிதழில் பெயர் சேர்க்கலாம் என்பதால், எழுத்துக்கூட்டலை முடிவு செய்யப் போதிய அவகாசம் இருக்கிறது. அங்கே இட்ட வடிவத்தையே பின்னர் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்து மாறாமல் கொடுக்க வேண்டும்.