போர்வைக்குள் எத்தனை பேர்? வீடற்றோர் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் பாரிமுனைப் பக்கம் கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கி, இரவு பதினொரு மணி தாண்டிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். சில வாரங்களுக்கு முன் புதிதாக வந்த கல்லூரி மாணவர்கள் நால்வருடன் அங்கே நடந்துகொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் செல்போன் வெளிச்சத்தை நடைபாதை நெடுக ஒருமுறை ஓட்டிவிட்டு, "அண்ணா, இந்த வரிசையில ஒன்பது பேர், எல்லாம் ஜென்ட்ஸ்" என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் கோடு போட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட அதே கோடு அது. அடையாள அட்டையை மறக்காதீர்கள், இருவராகச் செல்லுங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பவற்றைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"நீங்கள் வீடற்றவரா?" என்று தொடங்குவது

சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடிப்பகுதி, வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளி, ரயில்வே நடைமேடை ஆகிய இடங்களில் வாழ்பவர்களை வீடற்றோர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையறுக்கிறது. 2011ஆம் ஆண்டு அந்த வரையறைக்குள் நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் வந்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை அவர்களில் யாரும் தமக்குச் சொல்லிக்கொள்வதில்லை. "பிளாட்பாரத்துல இருக்கோம்" என்பார்கள். மூன்று தலைமுறையாக அதே தெருவில் சமைத்து, அதே தெருவில் பெண்ணுக்குச் சீமந்தம் செய்த குடும்பத்திடம் போய் வீடு இல்லையா என்று கேட்டால், இது என்ன, வீடு இல்லாமல் வேறென்ன என்ற பதில்தான் வரும்.

இரவில் எங்கே படுக்கிறீர்கள், மழை வந்தால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி பல குழப்பங்களைத் தீர்க்கும். எதிர்க்கடைத் திண்ணைக்கு ஒதுங்குவோம் என்பவரும், வியாசர்பாடியில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்பவரும் ஒரே கட்டத்தில் எழுதப்பட வேண்டியவர்கள் அல்லர். அரசு பொது மருத்துவமனை வாசலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர் உள்ளே சேர்க்கப்பட்ட நோயாளிக்குத் துணையாக வந்தவராக இருக்கலாம். ஊரில் அவருக்கு வீடும் கறவை மாடும் இருக்கும். குடும்ப அட்டையைக் காட்டினார்கள் என்பதற்காக அவர்களுக்கு வீடு இருக்கிறது என்று முடிவு செய்து படிவத்தை மூடிவிடவும் கூடாது; முகவரியில் எதிர்க்கடையின் எண்ணைப் போட்டு நடைபாதை என்று எழுதிய அட்டைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பார்த்தே எழுதிவிடுவது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆண்டில் வால்டாக்ஸ் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் பதினொரு உருவங்களைப் பார்த்தேன். யாரையும் எழுப்ப மனமில்லாமல், லுங்கியையும் ஓரத்தில் கிடந்த சட்டைகளையும் வைத்துப் பதினொரு ஆண்கள் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தேன். அதை நாகரிகம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் அதே தெருமுனையில் தேநீர் குடிக்க நின்றபோது, கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ராத்திரி டார்ச் அடிச்சுக்கினு போனது நீதானே தம்பி? எத்தினி பேருன்னு எழுதின?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை அந்த வரிசைக்கு அழைத்துப் போனார்.

முதல் போர்வை அவருடையது. அதற்குள் அவரோடு இரண்டு பேரக் குழந்தைகளும் படுத்திருந்தார்கள். அடுத்ததில் மருமகன் வெளிப்பக்கம், மகள் சுவர்ப்பக்கம்; மகள் கணவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனுடைய லுங்கியால் தலைவரை மூடியிருந்தாள். ஐந்தாவது உருவம் ஆளே இல்லை. மடித்து அடுக்கிய அட்டைப்பெட்டிகளை யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, ஆள் படுத்திருப்பதுபோல் போர்வை போட்டு வைத்திருந்தார்கள். பாட்டி விரல் விட்டு எண்ணி முடித்தபோது மொத்தம் பதினாறு பேர்: பெண்கள் ஆறு, குழந்தைகள் ஐந்து, ஆண்கள் ஐந்து. ஏன் இப்படி ஆண்போல மூடிக்கொண்டு படுக்கிறார்கள் என்று கேட்டேன். "பொம்பள படுத்துனு இருக்கான்னு தெரிஞ்சா தூங்க வுடுவானுங்களா?" என்றார்.

நான் அந்தத் தெருவின் தாளைத் திருத்திவிட்டேன். ஆனால் எங்கள் குழுவில் மற்றவர்கள் அதே வழியில் நிரப்பிய தாள்கள் முந்தைய இரவுகளிலேயே மேலே போய்விட்டன. தொகுப்பில் அந்தப் பகுதிக்குப் பெண்கள் மிகச் சிலர் என்று அச்சாகிவிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம் ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு உத்தரவிட்டிருந்தது. ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் இடம், ஒருவருக்கு 50 சதுர அடி என்ற அளவுகளைத் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள் பின்னர் வகுத்தன. ஆகவே நகரத்துக்குக் குறைந்தது எத்தனை காப்பகம் வேண்டும் என்பதை மக்கள்தொகையே சொல்லிவிடும். அவை ஆண்களுக்கா, பெண்களுக்கா, குடும்பங்களுக்கா என்ற கேள்வி வரும்போதுதான் நம் தாளைப் புரட்டுவார்கள். பின்னொரு நாள் பெண்களுக்கென ஒரு காப்பகம் கேட்டு ஓர் அலுவலகத்தில் நின்றபோது, அங்கிருந்தவர் எங்கள் அட்டவணையையே எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "உங்க கணக்குலயே லேடீஸ் இல்லையே சார்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அட்டவணையை நிரப்பிய எங்கள் மீது வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஒன்பது ஜென்ட்ஸ் என்ற குரலைக் கேட்டதும் அதுதான் மீண்டும் கிளம்பியது.

சரி, தூங்குபவரைத் தட்டி எழுப்பலாமா என்றால், அதுவும் கூடாது. அதிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கு மீன்பாடி வண்டி மிதிக்கப் போக வேண்டியவருக்கு அந்த மூன்று மணி நேரத் தூக்கம்தான் மறுநாள் கூலி. எந்த வரிசையிலும் விழித்திருக்கும் ஒருவர் இருப்பார். இருமிக்கொண்டிருக்கும் முதியவரோ, பிள்ளைக்குப் பால் கொடுப்பவரோ, ஏடிஎம் காவலாளியோ. அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். யாரும் இல்லையென்றால், உருவங்கள் இத்தனை, பாலினம் தெரியவில்லை, வயது தெரியவில்லை என்று எழுதிவிட்டுக் காலை ஐந்தரை மணிக்கு, போர்வை மடிக்கும் நேரத்தில், திரும்ப வாருங்கள். தெரியவில்லை என்று எழுதுவதற்கு வெட்கப்படும் தன்னார்வலர்தான் பொய்க் கணக்குக்கு முதல் காரணம். இரவுக்கு இத்தனை படிவம் என்று இலக்கு வைக்கும் மேற்பார்வையாளர் இரண்டாவது காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் பலர் இரவில் படுப்பதே இல்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள ரயில் நிலையத்திலோ மருத்துவமனை வளாகத்திலோ பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைத்துவிட்டு, பகலில் பூங்காவிலோ கோயில் மண்டபத்திலோ கண்ணயர்வார்கள். இரவு எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அவர்கள் கணக்கில் விழமாட்டார்கள். பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையே ஒருமுறை நடக்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

தொழில் என்ற கட்டத்தில் "பிச்சை" என்று எழுதுவது

தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரும் படுக்கும் இடமும் உள்ள தாளில் அந்தச் சொல்லை எழுதும்போது, ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் ஆவணத்தை நாமே தயாரித்துத் தருகிறோம். அது பெரும்பாலும் தவறான தகவலாகவும் இருக்கும். கோயில் வாசலில் வெள்ளிக்கிழமை மட்டும் உட்காரும் அம்மா மற்ற நாட்களில் பூக்கட்டுகிறார். அழுக்கு வேட்டியுடன் இருப்பவர் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகிறார். போன வாரம் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். "பிடிச்சுக்கினு போய் ஹோம்ல போட்ருவாங்க" என்ற பயம் நடைபாதையில் எப்போதும் உண்டு.

பேசாதவரை மனநோயாளி ஆக்குவது

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒருவரை எங்கள் குழுவினர் இரண்டு இரவுகள் அப்படியே எழுதினார்கள். மூன்றாம் இரவு உடன் வந்த தெலுங்கு தெரிந்த பெண் பேசிப் பார்த்ததும் அவர் ஊர், தெரு, கூலி பாக்கி எல்லாம் சொல்லிவிட்டார். உண்மையிலேயே மனநலச் சிக்கலோடு திரிபவர் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு அவருக்குப் பாதுகாப்பளிக்கும் பொறுப்பைக் காவல் நிலையத்திடம் கொடுத்திருக்கிறது; அதற்கான தகவலைச் சேர்ப்பதுதான் நம் வேலை, நோய்க்குப் பெயர் வைப்பதல்ல.

புகைப்படம்

எடுக்காதீர்கள்.

மழை இரவில் எண்ணுவது

எல்லோரும் இடம் மாறியிருப்பார்கள். தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ஆறுதலுக்காக வாக்குக் கொடுப்பது

"வீடு குடுப்பாங்களா தம்பி?" என்ற கேள்வி ஒவ்வொரு இரவும் வரும். பார்க்கலாம் அம்மா என்று நாம் சொல்வது தப்பித்துக்கொள்ளும் பதில். கேட்பவருக்கோ அது பாதி சம்மதம். அப்படி நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பேத்தியின் காதுகுத்துக்குக்கூடச் சொந்த ஊருக்குப் போகாமல் இருந்துவிட்ட ஒருவரை அடுத்த கணக்கெடுப்பில் சந்தித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, பையிலிருந்த ஆதார் நகலை எடுத்து நீட்டினார்.

இப்போது படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, இதனால் உங்களுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது, இந்தப் பகுதியில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசுக்குச் சொல்ல மட்டுமே இது உதவும் என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் சிலர், அப்படியென்றால் எதற்கு என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய தாளில் மறுத்தார் என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போகிறேன்.